முகாமில் நாங்கள் தண்ணீர் குடிக்கவில்லை

முதலில் குளிர்தான் வந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி வகுப்பறையில், இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தேன். பல் கிட்டிக்கொண்டது. வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக, யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவதுபோல ஒரு வலி. பெஞ்சில் படுத்த வலி என்று நினைத்தேன். ஈரப் புடவையோடு கிடந்தால் குளிராமல் என்ன செய்யும் என்றும் நினைத்தேன். அப்போது எனக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது.

மழை வெள்ளத்தில் நிவாரண முகாமுக்குப் போக நேர்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் வயிற்றில் பிள்ளையோடு போகிறவர்களுக்காக. நான் டாக்டர் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்வேன், அவ்வளவுதான்.

அது எழுபதுகளின் கடைசி. எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். கல்யாணமானதும் அவரோடு மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டேன். அவர் ஒரு பண்டகசாலையில் மூட்டை சுமந்தார். அதே கிடங்கில் நான் சுக்கு புடைத்தேன், மிளகு பொறுக்கினேன். என்னைப்போல முப்பது நாற்பது பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்வோம். பாதிப் பேர் தமிழ்ப் பெண்கள்.

அந்தக் கிடங்கில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. ஆண்கள் உப்பங்கழியான காயல் ஓரமாகப் போய்விட்டு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வருவார்கள். நாங்கள் எங்கே போவது? காலையில் ஒரு சாயாவோடு சரி. பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போகும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டோம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரியக்கா எனக்கு வழி சொல்லிக்கொடுத்தாள்.

"ஒரு கிள்ளு சுக்கக் கன்னத்துல அடக்கிக்க புள்ள. எச்சி ஊறிக்கிட்டே இருக்கும். தாகமே தெரியாது."

உண்மைதான், தெரியாது. எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. புதிதாக வருகிறவள் மத்தியானம் எழுந்து நெளிந்தால் கேலி செய்வோம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று ஊரில் சொல்வார்கள். நாங்கள் அதற்குக் கீழேயும் கட்டியிருந்தோம்.

மழை பெய்தால் எங்கள் சந்தில் தண்ணீர் நிற்பது புதிதில்லை. அந்த வருடம் மழையும் கடலேற்றமும் சேர்ந்து வந்தன. காயல் தண்ணீரை வாங்கிக்கொள்ளவில்லை. ஓடை நிறைந்தது, கக்கூஸ் குழிகள் நிறைந்தன, எல்லாம் ஒன்றாகக் கலந்து வீட்டுக்குள் வந்தது. அடுப்பு மிதந்த அன்று பள்ளிக்கூடத்துக்குப் போனோம். கீழே ஆண்கள், மாடியில் பெண்களும் பிள்ளைகளும்.

முகாமில் குறை சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வேளை கஞ்சி கிடைத்தது. மாடிப்படிக்குக் கீழே பீப்பாயில் காய்ச்சிய தண்ணீர் எப்போதும் இருந்தது. ஆனால் கக்கூஸ் ஒன்றே ஒன்று, மைதானத்துக்கு அந்தப் பக்கம். அங்கே போக வேண்டுமானால் ஆண்கள் சீட்டு விளையாடுகிற வராந்தாவைத் தாண்டி, முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தனை கண்ணும் பார்க்க நடக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் கதவுக்குக் கொண்டி இல்லை. குழி நிறைந்து தரையெல்லாம் அழுக்குத் தண்ணீர். மாதவிலக்கான பெண்கள் துணியை அலச இடமில்லாமல் பெஞ்சுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்தார்கள்.

யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. வந்த அன்றே மாரியக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சுக்கு இருந்தது. ஆளுக்கு ஒரு கிள்ளு கொடுத்தாள். கிடங்கில் பகல் ஒன்றைக் கடத்தச் செய்ததை முகாமில் நாள் கணக்காகச் செய்தோம். விடியுமுன் இருட்டில் கும்பலாக ஒரு தடவை போய்வருவதோடு சரி.

கீழே இருந்த என் வீட்டுக்காரர் படியேறி வந்து டம்ளரில் தண்ணீரை நீட்டுவார். வாங்கி, அவர் இறங்கிப் போனதும் யார் பிள்ளைக்காவது கொடுத்துவிடுவேன்.

ஒருநாள் அதிகாரி ஒருவர் வந்தார். கீழே ஆண்களிடம் குறை கேட்டார். அவர்கள் அரிசி, மண்ணெண்ணெய், பாய் என்று அடுக்கினார்கள். பிறகு மாடிக்கு வந்து வாசலிலேயே நின்று, பெண்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று மலையாளத்தில் மரியாதையாகத்தான் கேட்டார்.

"சேச்சிமாருக்கு எந்தெங்கிலும் வேணோ?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஒண்ணும் வேண்டா சாரே," என்றாள் மாரியக்கா.

அவர் இறங்கிப் போனதும் ஒருத்தி, "ஒரு கதவு தாங்கன்னு கேட்டிருக்கலாமேக்கா," என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இன்று நினைத்தால் அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்று பழமொழி இருக்கிறது. நாங்கள் இரண்டையும் அடக்கினோம். எரிச்சல் தொடங்கியது. போகிற கொஞ்சமும் பாலில்லாத கட்டன் சாயா நிறத்தில் போனது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தக் குளிர்.

மாரியக்கா என் நெற்றியில் கை வைத்துவிட்டுப் படியில் நின்று கத்தினாள். அவர் ஓடிவந்தார். வண்டி எதுவும் சந்துக்குள் வராது. கிடங்கில் மூட்டை தள்ளுகிற கைவண்டியைக் கொண்டுவந்து, சாக்கு விரித்து என்னைப் படுக்கவைத்துத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போனார். மழை முகத்தில் விழுந்தது.

"கண்ண மூடாத. என்னட்டப் பேசிக்கிட்டே வா," என்றார்.

"வயிறு கல்லா இறுகுதுங்க," என்றேன். அவர் வண்டியை இன்னும் வேகமாகத் தள்ளினார்.

ஆஸ்பத்திரி நடை முழுவதும் ஈரக் காலடிகள். சுவரோரமாக ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். பரிசோதித்த லேடி டாக்டர் மலையாளி. நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டுத் தமிழ் பழகியவர். என் உதட்டைப் பார்த்தார், முதுகில் லேசாகத் தட்டினார். நான் துள்ளிவிட்டேன்.

"எத்ர நாளாயி இது? தண்ணி குடிக்கலயா?"

"குடிச்சா போகணும் டாக்டர்," என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர், "நீங்க எல்லாரும் இதைத்தன்னே சொல்றீங்க," என்றார்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இது: சிறுநீரக அழற்சி (சிறுநீர்ப்பையில் தங்கிய கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் புண்ணாக்குவது). கர்ப்பிணிகளுக்குக் கருப்பை அழுத்துவதால் நீர் ஏற்கெனவே மெதுவாகத்தான் இறங்கும். குடிக்காமலும் இருந்து, அடக்கியும் வைத்தால், கிருமிக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. காய்ச்சல் கூடினால் பிரசவ வலி முன்கூட்டியே வந்துவிடும். ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிள்ளையைக் காப்பாற்றிவிடுவார்கள் என்று நான் நம்பினேன். அது உள்ளே அசைந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் காய்ச்சல் இறங்குமுன் வலி வந்துவிட்டது.

அழுகைச் சத்தம் கேட்கவில்லை. நான் தலையைத் தூக்கினேன். மாரியக்கா என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பாக்காத புள்ள. பாத்தா மறக்க மாட்ட," என்றாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். பார்க்காத பிள்ளையை மனது சீக்கிரம் விட்டுவிடும் என்று நம்பிக்கை. துணியில் சுற்றியதை என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். ஆணா பெண்ணா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் உடம்புக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது. பால் சுரந்து கட்டிக்கொண்டது. நெஞ்சு பாறையாகக் கனத்தது. மாரியக்கா அந்த மழையில் எங்கே தேடினாளோ, மல்லிகைப் பூ வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள். பால் வற்ற ஊரில் செய்கிற வைத்தியம் அது. வார்டு முழுக்க மணந்தது. பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பெற்றிருந்தவளைப் பார்க்க வந்த ஒரு மலையாளி அம்மா, "நல்ல முல்லப்பூ மணம். ஆருக்கா கல்யாணம்?" என்று சிரித்தபடி கேட்டார். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். மூடினாலும் அந்த மணம்தான் உள்ளே இருந்தது.

காய்ச்சல் விட்டது. ஆனால் வலது சிறுநீரகம் சுருங்கிவிட்டது என்று பிறகு எறணாகுளத்தில் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். ரத்த அழுத்தம் ஏறி நின்றது. "இனி கர்ப்பம் வேண்டா. உனக்கு ஆகாது," என்றார் அதே லேடி டாக்டர். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதால் அழாமல் கேட்டேன். படி இறங்கிய பிறகு அழுதேன்.

கிடங்கு வேலைக்கு நான் திரும்பப் போகவில்லை. வீட்டில் இட்லி அவித்து விற்றேன். அவர் என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல் பேசியதில்லை.

சில வருடங்கள் கழித்து, இந்த வருடம், மறுபடி அப்படி ஒரு மழை. அதே பள்ளிக்கூடம், அதே மாடி. இந்த முறை வேறொரு அதிகாரி வந்தார், வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"எங்களுக்குத் தனிக் கக்கூஸ் வேணும் சார். மறைப்பும் கொண்டியும் வேணும். இங்க ஒரு பொம்பளையும் தண்ணி குடிக்கல."

அவர் முகம் சிவந்தது. எனக்குப் பின்னால் யாரோ என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். ஆனால் அவர் மறுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மாடிப் படிக்குப் பின்புறம் குழி தோண்டி, கம்பு நட்டு, சாக்கு கட்டி, உள்ளிருந்து மாட்டிக்கொள்ள ஒரு கொக்கியும் வைத்துவிட்டார்கள். கட்டியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

நான் போய்ப் பார்த்தேன். நாலு கம்பு, சில சாக்கு. இவ்வளவுதானா? என் வீட்டுக்காரர் வாழ்நாளெல்லாம் சுமந்தது சாக்குதான். கிடங்கில் மலைபோல அடுக்கிக் கிடந்தன. கேட்டிருந்தால் ஒரு மத்தியானத்து வேலை. அங்கேயே, அந்தச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என்னைத் தூக்கிப் படியில் உட்காரவைத்து, டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் பார்க்கப் பார்க்கக் குடித்தேன். குடித்துவிட்டுக் கேட்டேன்.

"அது ஆணா பொண்ணாங்க?"

அவர் டம்ளரை வாங்கிப் படியில் வைத்தார்.

"பொம்பளப் புள்ள," என்றார். பிறகு, "முடி நெறைய இருந்துச்சு," என்றார்.

"எங்க வச்சீங்க?"

"எங்கயும் மண்ணே தெரியல. கையில வச்சிக்கிட்டே சுள்ளிக்கல் பக்கம் வரைக்கும் நடந்தேன். அங்க தெரிஞ்ச சேட்டன் ஒருத்தர் வீட்டுப் பின்னால கொஞ்சம் மேடு. தோண்டத் தோண்டத் தண்ணி ஊறிக்கிட்டே இருந்துச்சு. ஏற்கெனவே ஈரத் துணில இருக்கு, எப்படி வைக்க? என் சட்டையக் கழட்டிச் சுத்தித்தான் வச்சேன்."

அன்று அவர் ஆஸ்பத்திரிக்குச் சட்டையில்லாமல் திரும்பி வந்ததும், நான் அதைப் பார்த்தும் ஏன் என்று கேட்காததும், அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இப்போது என் உடம்பு நலமாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். உப்பைக் குறைத்துவிட்டேன், மாத்திரை தவறுவதில்லை. வலது பக்கம் உள்ளே ஒன்று வேலையை நிறுத்திவிட்டது என்பதை உட்காரும்போதும் எழும்போதும் உணர்கிறேன். டாக்டர் அப்படி உணர முடியாது என்கிறார். இருக்கலாம். தாகம் என்பது எனக்குத் தெரிவதே இல்லை. பல வருடம் அதை ஏமாற்றிவிட்டோம், அது போய்விட்டது. சைரன் ஊதும்போது, பள்ளிக்கூடம் விடும்போது என்று வெளியே கேட்கிற சத்தத்தை வைத்துத்தான் தண்ணீர் குடிக்கிறேன்.

நீங்கள் போகிற முகாமில் யாராவது வாசலில் நின்று என்ன வேண்டும் என்று கேட்டால், வெட்கத்தைப் பார்க்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடியுங்கள்.

சந்தில் அவள் வயதுப் பிள்ளைகள் இப்போது பைக்கட்டோடு பள்ளிக்கூடம் போகின்றன. என்னால் அவளை அவர்களோடு சேர்த்துப் பார்க்க முடியவில்லை. அத்தனை வருடமும் எனக்கு ஒரு நோய் வந்து போனதாகத்தான் இருந்தது. அந்தப் படியில் உட்கார்ந்து அவர் சொன்ன அன்றுதான் எனக்கு ஒரு மகள் பிறந்தாள். என் கணக்கில் அவளுக்கு இன்னும் தலை நிற்கவில்லை.