கம்போஜரின் பெயரும் நான் கொடுத்த பதிலும்

கோச்சிங் சென்டரில் சரித்திரம் எடுக்கிறவனுக்குப் பதிலே இல்லாத கேள்வியைவிட, நாலு பதில் உள்ள கேள்விதான் எமன். பாடம் நடத்திப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

முடிவாகாத பாடம்

தட்டாஞ்சாவடியில் எங்கள் வகுப்பு. அன்றைக்குக் கம்போஜர்கள். ஆப்கானிஸ்தான் பக்கம் வாழ்ந்த, ஈரானியருக்கும் வேதகாலத்தாருக்கும் உறவான பழைய இனம். அவர்கள் நாட்டுக்கும் அதே பெயர். கம்பளியை விரும்பி அனுபவித்தவர்கள் என்பதால் அந்தப் பெயர் என்கிறது ஒரு பழைய விளக்கம். அழகான பொருள்களை அனுபவித்தவர்கள் என்கிறது இன்னொன்று. பாரசீக அரசன் ஒருவனின் பெயரோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. எதுவும் முடிவாகவில்லை என்று முடித்தேன்.

அரசுத் தேர்வுக்குப் படிக்கும் ஜோஸ்பின் பேனாவை மூடினாள். “முடிவாகாததுக்கு எதுக்கு சார் இவ்ளோ நேரம்?”

ஒண்ணுதான்

அன்று மாலை அவளைக் கூட்டிப்போக அப்பா அந்துவான் வந்தார். பிரெஞ்சு அரசாங்கத்துப் பென்ஷன்காரர், ‘சாரு’க்குப் பதில் பிரெஞ்சில் ‘மெஸ்யே’ என்பார். “எங்கப்பா பிரெஞ்சுப் படையில, கம்போடியாவுல சிப்பாயா இருந்தாரு மெஸ்யே. நீங்க இன்னிக்கு நடத்தினதா இவ சொன்ன கம்போஜமும் அதுவும் ஒண்ணா?”

தொடர்பு உண்டு என்பவர்கள் சிலர், இல்லை என்பவர்கள் பலர். கம்பு என்ற முனிவரால் வந்த பெயர் என்பது கம்போடியாக்காரர்கள் சொல்லும் கதை. இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். மகள் கேட்டது உறுத்திக்கொண்டிருந்ததால் “ஒண்ணுதான்” என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். “இவ்ளோ தெளிவா எனக்கு யாருமே சொன்னதில்ல மெஸ்யே!”

நிச்சயதார்த்தம்

சில மாதம் கழித்து உழவர்கரையில் ஜோஸ்பினுக்கு நிச்சயதார்த்தம். அந்துவான் மைக்கைப் பிடித்து, தன் அப்பா காவல் காத்தது புராணத்துக் கம்போஜ நாட்டை என்று பெருமையாகச் சொன்னார். மாப்பிள்ளையின் பெரியப்பா காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் சரித்திரப் பேராசிரியர். அவர் சிரித்துவிட்டார். “இந்தக் கதைய யாரு சம்பந்தி சொன்னது?” ஹாலே சிரித்தது. அந்துவான் சந்தோஷமாக என்னைக் காட்டினார். “எங்க மெஸ்யேதான்!”

சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நின்றேன். “அது நிச்சயமில்லீங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன்” என்றேன். சிரிப்பு நின்றது. அந்துவான் மைக்கை மெதுவாக வைத்துவிட்டு, மகள் பக்கம் பார்க்காமல் இறங்கினார்.

வாசலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “தெரியலன்னு சொல்லியிருந்தீங்கன்னா, நானும் தெரியலன்னே இருந்திருப்பேனே மெஸ்யே.”

இப்போதெல்லாம் வகுப்பில் ‘தெரியாது’ என்று தைரியமாகச் சொல்கிறேன், கூட்டம்தான் கொஞ்சம் குறைந்துவிட்டது.