ஊறிக்கொண்டிருந்த சீன மணிகள்

சிவநேசன் சார் இறந்த செய்தி வந்தபோது, பதுளை பஜாரில் என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையைப் பாதியில் விட்டுக் கடையைச் சாத்தினேன். அவர் வீட்டில் ஊரே பார்க்க அழுதேன். இன்று அப்படி அழமாட்டேன். அவரை நேசித்த நண்பர்கள் இதைப் படித்துவிட்டு என்மீது கோபப்படலாம். படட்டும்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நில அளவை அலுவலகத்துக்குப் படவரைஞராக வந்து, ஓய்வுக்குப் பிறகும் பதுளையிலேயே தங்கிவிட்டார். பூதக்கண்ணாடி வாங்கத்தான் முதலில் என் கடைக்கு வந்தார். எதற்கு என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து நீலக் கண்ணாடி மணி ஒன்றை எடுத்து வைத்தார். "சீனாவிலை செய்தது, முதலாளி. இயேசு பிறக்க முதலே செய்தது" என்றார். அன்றோடு எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்ல நகருக்குப் போய்ப் பழம்பொருள் கடைகளைக் கிளறுவோம். கிடைத்ததை என் கடை மேசையில் வைத்து ஆளுக்கொரு முறை பார்ப்போம். பேசக்கூடாது. நூல் கோக்கும் துளையின் விளிம்பு தேய்ந்திருக்க வேண்டும். துளைக்குள் கறை இறுகியிருக்க வேண்டும். நல்ல மணி என்று பட்டால் குடித்த தேநீர்க் கோப்பையை நிமிர்த்தி வைப்போம், போலி என்றால் கவிழ்ப்போம். இரண்டு கோப்பையும் நிமிர்ந்திருந்தால்தான் மணி பெட்டிக்குள் போகும். விற்பவர்கள் பெருமை பேசத் தொடங்கினால் சார் கையை உயர்த்துவார். "அவை சொல்லுற கதையை வாங்காதேங்கோ, முதலாளி. மணியைப் பாருங்கோ."

வெள்ளை வளையங்கள் பதித்த நீல மணி ஒன்றை எனக்குப் பரிசாகத் தந்தார். "இதுதான் உங்கடை அளவுகோல். மற்றதெல்லாத்தையும் இதோடை ஒப்பிட்டுப் பாருங்கோ."

ஒப்பிட்டேன். லுணுகலைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா மணி கொண்டுவந்தபோதும் ஒப்பிட்டேன். "தேயிலைக்குக் குழி வெட்டயில கெடச்சதுன்னு எங்கப்பா குடுத்தாருங்க" என்றார். துளையில் என் மணியின் பழுப்புக் கறை இல்லை. கோப்பையைக் கவிழ்த்தேன். சாரும் கவிழ்த்தார். போலி என்று அம்மாவிடம் நான்தான் சொன்னேன். "அப்ப எங்கப்பா பொய் சொல்லிட்டாருங்களா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா எழுந்து போனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அன்று சாரின் மனைவி என்னை வீட்டின் பின்புறம் அழைத்துப் போனார். ஒரு பேசின் நிறைய ஈரமான குப்பைத் தேயிலை. அதற்குள் மணிகள்.

"மணிப் பெட்டியோடை இதையும் நீங்களே கொண்டு போங்கோ. இன்னும் ஊறி முடியேல்லை எண்டு சொன்னவர்."

ஒன்றைக் கழுவினேன். அதே நீலம், அதே வளையம், துளையில் அதே பழுப்பு. விளிம்பை அரத்தால் தேய்த்திருந்தார்.

"எனக்குக் குடுத்ததும் இதுதாங்களா?"

"ஓம், கொழும்பிலை வாங்கி முதல் முதல் ஊறப் போட்டது. இது விளையாட்டெண்டு உங்களுக்கும் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்? ஒவ்வொரு ஞாயிறும் ஊறினதொண்டை உங்கடை மேசையிலை வைச்சிட்டு வந்து, 'முதலாளி இண்டைக்கும் கண்டுபிடிக்கேல்லை' எண்டு சிரிப்பார்."

காசுக்காகச் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். ஒன்றைக்கூட அவர் விற்கவில்லையாம். என்னை வைத்து விளையாடியிருக்கிறார், அவ்வளவுதான். லுணுகலை அம்மாவின் மணி நல்லதென்று தெரிந்தேதான் கோப்பையைக் கவிழ்த்தார் என்று நினைக்கிறேன். நிமிர்த்தியிருந்தால் என் அளவுகோல்மீது எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அவருடைய சிரிப்பு முடிந்திருக்கும். அந்த அம்மா தன் தகப்பனைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு போனதைப் பார்த்தும் மனிதர் வாய் திறக்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன ஞாயிறு தனியாக எல்லவுக்குப் போனேன். கடைக்காரர் ஒரு மணியை நீட்டினார். துளையில் பழுப்புக் கறை. பார்த்தவுடன் மனம் நல்லது என்று துள்ளியது. மறுகணம் வெட்கமாக இருந்தது. வாங்கவும் துணிவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் துணிவில்லை. வைத்துவிட்டு வந்தேன்.

சார் தந்த எல்லாவற்றையும் அவர் மனைவியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் பழக்கிவிட்ட இந்தக் கண்ணை மட்டும் கொடுக்க முடியவில்லை.