கிளாக்கரய்யாவின் சுத்துமாத்துக் கோப்பு

வந்த மின்னஞ்சலை அச்செடுத்து, தாளின் இரண்டு மூலைகளையும் பிடித்து, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார் கணேசமூர்த்தி. பழைய நாட்களில் கம்பெனியின் கடிதத்தாளில் ஒரு நீர்க்குறி இருந்ததாம். கள்ளக் கடிதத்தில் அது இராதாம். இப்போது அவர் தூக்கிப் பிடித்திருப்பதோ தோட்டத்து ஆபீசின் சொந்தத் தாள். சற்று முன்பு அவரே பெட்டியிலிருந்து உருவி அச்சு இயந்திரத்தில் வைத்தது. அதில் என்ன தெரியும் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாதுங்க மாஸ்டர். ஆனா பாக்காம விட்டா மனசு கேக்க மாட்டேங்குது."

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஏறினால் வருகிற ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் அவர் பெரிய கிளாக்கர். தோட்டத்தாருக்குக் கிளாக்கரய்யா. வயது ஐம்பத்துமூன்று. கபில நிற ஜேர்சியை மார்கழியிலும் போடுவார், சித்திரையிலும் போடுவார். கழற்றினால் ஆளை அடையாளம் காண முடியாது என்று பயமோ என்னவோ. நான் அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, திரும்பிப் போக மறந்து போனவன். பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு பிளேன்டீக்காக ஆபீசுக்குப் போவேன். எனக்குத் தேநீர் வேண்டும், அவருக்குத் தன் கெட்டித்தனத்தைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். கணக்குச் சரியாகப் போய்விடும்.

கம்பெனி 2003இல் ஊசிமலைக்கு ஒரு கணினி அனுப்பியது. அதற்குப் பூவேலை செய்த ஒரு துணி உறை போட்டிருக்கிறார்; வீட்டுக்காரியின் கைவேலை. தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் கிடைக்கும் முன் அந்தப் பெட்டி கீச்சிட்டு ஒரு பாடு கத்தும். அப்போது அவர் கைகட்டி நின்று, "கத்து, கத்து. கொழும்புக்காரங்க காதுல விழணும்ல" என்று அதைத் தட்டிக்கொடுப்பார்.

இந்தச் சந்தேகப் புத்தி அவருக்குப் பிறவியில் வந்ததில்லை. கணினி வந்த முதல் வருடமே ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் அஞ்சல்பெட்டி நிரம்பிவிட்டது, இருபத்துநான்கு மணி நேரத்தில் மூடப்படும், உடனே கடவுச்சொல்லை அனுப்பவும் என்று தலைமைக் காரியாலயத்தின் பெயரில் உத்தரவு. கணேசமூர்த்தி உத்தரவுக்குப் பணிகிற ஆள். கடவுச்சொல்லை அனுப்பியதோடு நிற்காமல், தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டிருந்தார். மறுநாள் ஊசிமலைத் தோட்டத்தின் விலாசத்திலிருந்து இருநூறு பேருக்கு உடம்பு மெலிய வைக்கும் மாத்திரை விளம்பரம் போயிருந்தது. கம்பெனிப் பணிப்பாளருக்குப் போயிற்று. தோட்டத்தை நடத்தும் துரையின் கண்டி மாமியாருக்கும் போயிற்று. கொழும்பில் ஒரு தேயிலைத் தரகர் மட்டும் விலை கேட்டு எழுதினார். எங்கள் மலையில் உடம்பு மெலிய மருந்து தேடும் ஆளை நான் இன்னும் காணவில்லை.

"தொரை திட்டியிருந்தா பரவால்லைங்க மாஸ்டர். சிரிச்சாரு. அதைத்தான் தாங்க முடியலை."

அன்றைக்குத் திறந்ததுதான் சுத்துமாத்துக் கோப்பு. வருகிற ஒவ்வொரு மின்னஞ்சலையும் அச்செடுப்பார், வாசிப்பார், தீர்ப்புச் சொல்வார். நல்லது கம்பெனிக் கோப்புக்கு. கள்ளம் சிவப்பு மையில் காரணம் எழுதப்பட்டுச் சுத்துமாத்துக் கோப்புக்கு. லொத்தரில் விழுந்த டொலர்கள், இறந்துபோன ஆபிரிக்க மந்திரியின் விதவை, கம்பெனித் தலைவர் பெயரில் கடவுச்சொல் கேட்கும் கடிதங்கள் எல்லாம் அதில் உண்டு. நான் அதை வாரப் பத்திரிகைபோல் வாசிப்பேன்.

கள்ளத்தைப் பிடிக்க அவரிடம் சில வழிகள் உண்டு. மின்னஞ்சல் விலாசத்தின் நடுவில் வருகிற சுழித்த எழுத்தை அவர் சுருட்டை என்பார். "சுருட்டைக்கு முன்பக்கம் எவன் பேரையும் போட்டுக்கலாங்க. பின்பக்கந்தான் அவன் வீடு. அதைப் பாக்கணும்." கடிதத்தில் தரப்பட்ட இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கமாட்டார். "கள்ளன் குடுத்த நம்பருக்கு அடிச்சா கள்ளன்தானே எடுப்பான்?" அவசரம் என்று எழுதியிருந்தால் அந்தத் தாளின்மேல் ஆற்றுக் கல்லொன்றை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். "நெசமான அவசரமா இருந்தா போன் வரும். வரலேன்னா அது அவனுக்கு அவசரம், நமக்கில்லை."

இவையெல்லாம் நல்ல வழிகள்தான். இன்றைக்குப் படித்தவர்கள் சொல்வதும் அதையே. ஆனால் அவர் மிகவும் நம்பியிருந்தது கடைசி வழியை.

"கம்பெனி நமக்கு இன்னிக்கு நேத்துப் பழக்கமாங்க? முப்பது வருசமா அது காயிதத்தைப் படிக்கிறேன். எடுத்தவுடனே ஒரு பழைய காயிதத்தைச் சொல்லி, அதுக்கு இன்னும் பதில் வரலைன்னு குத்திக்காட்டும். அப்புறம் வெளக்கம் கேக்கும். கடைசில 'தவறினால்'னு சொல்லி முடிக்கும். இந்த மூணும் இல்லேன்னா அது நம்ம கம்பெனி இல்லைங்க."

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம். திங்கட்கிழமை வந்த ஒரு மின்னஞ்சலை நான் புதன் பின்னேரம் அந்தக் கோப்பில் கண்டேன். ஆங்கிலக் கடிதம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: அன்பான ஊசிமலை நண்பர்களே, எமது கம்பெனியின் முதுகெலும்பாக விளங்கும் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து இந்த வருடம் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளை எவரும் இருந்தால், படிப்பு முடியும்வரை மாதாந்த உதவிப்பணம் வழங்க விரும்புகிறோம். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பெற்றோரின் வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவற்றை வெள்ளி நண்பகலுக்குள் தயவுசெய்து அனுப்பி வையுங்கள். சிரமத்துக்கு மன்னிக்கவும்.

'முதுகெலும்பு' என்ற சொல்லின் கீழே சிவப்பில் இரண்டு கோடு. ஓரத்தில், 'நம்ம கம்பெனி இல்லை.' 'வங்கிக் கணக்கு இலக்கம்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம். சுருட்டைக்குப் பின்பக்கமும் புதிது. 'சிரமத்துக்கு மன்னிக்கவும்' என்ற இடத்தில் கிளாக்கரய்யா ஒன்றும் எழுதவில்லை, மூன்று ஆச்சரியக்குறி மட்டும் போட்டிருந்தார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை சர்மிளா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். என்னிடம் படித்தவள், தகப்பன் இல்லை, தாய் நாகலெட்சுமி கொழுந்து பறிக்கிறாள். அந்த வருடம் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். ஊசிமலையிலிருந்து அதுவரை எவரும் அங்கே போனதில்லை.

"கொழும்புல ஒரு துணிக்கடைல எடம் இருக்குன்னு சொன்னாங்க சேர். ஞாயித்துக்கெழமை போறேன். நற்சான்று ஒண்ணு எழுதித் தருவீங்களா?"

"அப்ப கம்பஸ்?"

"அம்மாவோட ஒரு சம்பளத்துல முடியாதுங்க சேர்." அழவில்லை. நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

நற்சான்று எழுதப் பேனாவைத் திறந்தபோதுதான் அந்தச் சிவப்புக் கோடுகள் நினைவுக்கு வந்தன. பேனாவை மூடிவிட்டு ஆபீசுக்கு ஓடினேன்.

"கிளாக்கர், இது உண்மையா இருந்தா அந்தப் பிள்ளையின்ர நிலைமை என்ன? ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

"பொய்யா இருந்தா?" என்றார் கணேசமூர்த்தி. அவர் குரல் உயர்ந்ததை நான் அன்றுதான் கேட்டேன். "நாகலெட்சுமி பேங்குப் புத்தகத்துல இருக்கிறது சீட்டுப் புடிச்சுச் சேத்த காசு. நா நம்பரை அனுப்பி, எவனாவது வழிச்சிட்டுப் போனா நீங்க குடுப்பீங்களா, நா குடுப்பேனா? ஒருதடவை கம்பெனி மானத்தைப் போக்கினேன், சிரிச்சாங்க. இது சிரிக்கிற காரியம் இல்லைங்க."

"அது சரி. ஆனா இவ்வளவு உறுதியா எப்பிடிச் சொல்லுறியள்?"

"அவசரம்னு எழுதியிருக்கு. மூணு நாளா போன் வரலையே."

நான் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். திங்கள் இரவு வீசிய காற்றில் சவுக்குமரம் ஒன்று கம்பியின்மேல் சாய்ந்தது. அன்றிலிருந்து தோட்டத்துத் தொலைபேசி செத்துக் கிடந்தது. அந்த வருடம் எங்கள் மலைக்குக் கைத்தொலைபேசியின் அலையும் ஏறவில்லை. துரையும் விடுமுறையில். கம்பெனி கத்திக் கத்தி அழைத்திருந்தாலும் இங்கே மணி அடித்திருக்காது.

கணேசமூர்த்தி தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். பிறகு நாகலெட்சுமிக்கு ஆள் அனுப்பினார்.

அவள் மலையிலிருந்து கூடையோடு வந்து சன்னலுக்கு வெளியே நின்றாள். தொழிலாளர்கள் ஆபீசுக்குள் வருவதில்லை; எது கேட்பதானாலும் அந்தச் சன்னல்தான், உள்ளே இருப்பவர் உட்கார்ந்திருப்பார், வெளியே நிற்பவர் நிற்பார். அவர் விஷயத்தைச் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம், சுத்துமாத்தாகவும் இருக்கலாம் என்று இரண்டையும் சொன்னார்.

"ஐயா சொன்னா சரிங்க."

"நா சொன்னா சரின்னு சொல்லாத! ஓங் காசு. நாளைக்கு ஹட்டனுக்கு வா, புத்தகத்தைக் கொண்டா. நெசம்னு தெரிஞ்சா நம்பரை நீயே குடு. நா தொடமாட்டேன்."

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் மூவரும் போனோம். நாங்கள் முன்னால் இருந்தோம். அன்றைய பேரை, அதாவது ஒருநாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்த நாகலெட்சுமி பின்னால் இருந்தாள். வழியில் மண் சரிந்து பஸ் நின்றது. ஹட்டனில் இறங்கும்போது பதினொன்றரை. பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கொமியூனிகேஷன் கடையில், ஒரு ஆள் மட்டும் அடங்கக்கூடிய கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு தொலைபேசி, ஒரு முக்காலி. மின்னஞ்சலின் அடியில் ஒரு இலக்கம் இருந்தது. நேரமில்லை, அதற்கே எடுங்கள் என்றேன். கணேசமூர்த்தி என்னைப் பார்த்த பார்வையில் நான் பத்து வயது குறைந்துபோனேன். தன் சட்டைப்பைக் குறிப்புப் புத்தகத்தில் இருந்த தலைமைக் காரியாலயத்தின் பழைய இலக்கத்தைச் சுழற்றினார். மோசமான கம்பிக்குப் பழகிய ஆள் என்பதால் தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடிப்பார். திறந்திருந்த கதவருகே நின்ற எங்களுக்கு எல்லாம் கேட்டது.

எடுத்தது அங்கே தொலைபேசிப் பலகையில் இருந்து இணைப்புக் கொடுக்கும் சின்னராசா. பதினெட்டு வருடப் பழக்கம், முகம் பார்த்ததில்லை. ஆனாலும் பரீட்சை வைக்காமல் கணேசமூர்த்திக்குத் தீராது.

"நீ சின்னராசாதானா? போன தீவாளிக்கு நா அனுப்புன தூளு எத்தனை கிலோ?"

"ரெண்டுன்னு எழுதியிருந்தீங்கண்ணே. வந்து சேந்தது ஒண்ணரை."

"சின்னராசாதான்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, காரியத்தைக் கேட்டார்.

"ஆமாண்ணே, நெசந்தான். ரஜனி மிஸ்ஸுன்னு புதுசா வந்திருக்காங்க, அந்தப் புது விலாசமும் அவங்களதுதான். காலைல வர்றப்ப எனக்கும் குட்மோர்னிங் சொல்றாங்க."

"ஒனக்குமா?"

"எனக்குந்தான்."

ரஜனி மிஸ்ஸின் இணைப்புக் கிடைத்தது. குரல் எங்கள் யாழ்ப்பாணப் பக்கம். "ஊசிமலையோ? அப்பாடா! முப்பத்தொரு தோட்டத்துக்கு எழுதினனான் ஐயா. ஒருத்தரும் பதில் போடேல்லை. நீங்கள்தான் முதல் ஆள். என்ன பிழை விட்டனான் எண்டு எனக்கு விளங்கேல்லை."

முப்பத்தொரு ஆபீசிலும் முப்பத்தொரு சிவப்பு மை. கள்ளனுக்கு ஏமாறாத கெட்டிக்காரர்கள் எல்லோரும் அன்பான ஒரு சொல்லைப் பார்த்து உஷாராகியிருந்தார்கள்.

"பெழை ஒண்ணும் இல்லைங்க மிஸ். நீங்க ரொம்ப மரியாதையா எழுதிட்டீங்க."

அந்தப் பக்கத்துக் குரல் சற்று இறங்கியது.

"அந்தப் பிள்ளையின்ர அம்மா பக்கத்தில நிக்கிறாவோ? அவவோட கதைக்கலாமோ?"

நாகலெட்சுமி வாசற்படியில் நின்றிருந்தாள். பொலித்தீன் பையில் சுற்றிய வங்கிப் புத்தகம் நெஞ்சோடு இருந்தது. கம்பெனி தன்னோடு பேச விரும்புகிறது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. யாரோ வேறு அம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். கூண்டுக்குள் இரண்டு பேருக்கு இடமில்லை.

கணேசமூர்த்தி எழுந்தார். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கைக்குட்டையை எடுத்து முக்காலியைத் துடைத்தார். பிறகு வெளியே வந்து, அவளுக்கு வழிவிட்டு, தொலைபேசியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"உக்காந்து பேசுங்க" என்றார்.