கிளட்ச்சில் மூன்றாவது கை

வத்திராயிருப்பு வீரணன் யாரையும் லேசில் நம்புகிற ஆள் கிடையாது. பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். டீக்கடையில் பாலை மோந்து பார்த்துவிட்டுத்தான் டீயே போடச் சொல்வார். கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர் நைனா முகமதுவோடு கூட்டு வியாபாரம் வைத்திருந்தார் என்றால், எங்கள் பக்கத்தில் அது பெரிய அதிசயம்.

தேங்காய் வியாபாரம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ராஜ்தூத் மோட்டார் சைக்கிள். ஒருவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் கடைகளுக்குப் போனால் மற்றவர் தோப்பில் காய் வெட்டுக்கு நிற்பார். மறுநாள் மாற்றிக்கொள்வார்கள்.

வண்டி ஒன்று, கை வேறு. வீரணனுக்கு முறம் மாதிரி கை. கிளட்ச் லீவர் நன்றாக வெளிப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். நைனாவுக்கு அளவான கை. லீவர் கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தால் போதும். யார் முறையோ அவர் காலையில் ஸ்பானரை எடுத்துத் தன் கைக்குத் தக்கபடி திருப்பிக்கொண்டுதான் கிளம்புவார். வருஷக்கணக்காக இதில் ஒரு தகராறும் வந்ததில்லை.

1988, மாசி மாதம். ராஜபாளையத்தில் என் ஒர்க்‌ஷாப் வாசலில் வீரணன் வண்டியை நிறுத்தினார்.

"ஏலே, இதப் பாரு. இத நீ நகட்டுனியா?"

பார்த்தேன். லீவரைப் பிடித்திருக்கும் கிளாம்பு இரண்டு விரல்கடை உள்ளே தள்ளி இருந்தது. அப்படி வைத்தால் விரல் லீவரின் நுனியில் விழும், இழுக்க லேசாக இருக்கும். கேபிளையும் தளர்த்தி விட்டிருந்தார்கள். அதனால் லீவர் கைப்பிடியை ஒட்டி வந்த பிறகுதான் கிளட்ச் வேலை செய்தது. கியர் கரகரவென்று விழுந்தது. தடயம் அழிந்துவிடும் என்று அவர் அப்படியே ஓட்டி வந்திருக்கிறார்.

"நான் தொடலண்ணே."

"இது என் கையும் இல்ல, நைனா கையும் இல்ல. பெலமில்லாத கை. மூணாவது ஆளு எவனோ ஓட்டுதான்."

யார் என்றும் அவரே முடிவு கட்டி வைத்திருந்தார். நைனாவின் மச்சினன் பக்கீர் முகமது. ஒல்லி ஆள், அப்போதுதான் தனியாகத் தேங்காய் வாங்கி விற்கத் தொடங்கியவன். நைனா தன் முறை நாளில் வண்டியை மச்சினனிடம் கொடுத்து, கடைக்காரர்களை அவன் பக்கம் பழக்கிவிடுகிறார் என்று வீரணன் நினைத்தார்.

"அப்படி மட்டும் இருந்துச்சு, வண்டிய வித்துட்டு அன்னைக்கே கூட்ட முறிச்சிருவேன்."

"அவர்கிட்டயே கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டா சொல்லுவானாக்கும்? நீ ரெண்டு பக்கமும் பேசுத ஆளு. ஒன்னையும் பாத்துக்கிடுதேன்." நைனாவுக்குச் சந்தேகம் வராதபடி லீவரைத் தன் கைக்குத் திருப்பிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் நைனாவின் முறை. வீரணன் தோப்பில் வெட்டு இல்லை என்று சாக்குச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ராஜபாளையம் வந்து, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழக்கடைக்குள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதெல்லாம் பிற்பாடு அவரே சொன்னது.

வண்டி வந்தது. ஓட்டி வந்தது நைனாவேதான். பின்னால் மூட்டை மட்டும். வீரணன் அப்பவும் நம்பவில்லை. பக்கீர் எங்கேயாவது ஒளிந்து நிற்பான் என்று தெருவை அலசினார். எதிரே இருந்த தேங்காய்க்கடை வாசலில் நைனா மூட்டையை அவிழ்த்தார். முடிச்சுக்கு இடது கை வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். திரும்பக் கிளம்பும்போது இடது கையை வலது கையால் தூக்கி லீவரின் நுனியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

வீரணன் பழக்கடையை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த நாள் வீரணன் வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். "புதுக் கேபிளு போடு. இழுக்க லேசா இருக்கணும். கிளாம்ப மட்டும் தொடாத." அவரும் அப்படியே ஓட்டிப் போனார். பின்னாலிருந்து பார்த்தால், சின்னப் பிள்ளை சைக்கிளைப் பிடுங்கி ஓட்டுகிறவர் மாதிரி இருந்தார்.

அதற்கு மறுநாள் நைனா முகம் கறுத்து வந்து நின்றார்.

"ஏம்ப்பா, வீரணன் மாமா லீவர மாத்தாமலே ஓட்டிருக்காரு. நான் வச்சது வச்சபடி கெடக்கு. கேபிளு வேற புதுசு. என்ன நடக்கு? என்னையக் கழத்திவிட ஏற்பாடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீரணன் உள்ளே நுழைந்தார். பஸ்ஸில் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"என் பின்னாடியே வாரீராக்கும்?"

"ஆமா, வாரேன். கைய நீட்டு மாப்ளே."

நைனா நீட்டவில்லை. நான்தான் போட்டுக்கொடுத்தேன் என்று என்னை முறைத்தார்.

"அவன் சொல்லல. நீ பல்லால முடிச்சவுத்தத நானே பாத்தேன். எம்புட்டு நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடியே தொடங்கிருச்சு. இந்த வாரந்தான் லீவரப் பிடிக்கவே முடியல," என்றார் நைனா. "வண்டி ஓட்ட முடியலன்னு தெரிஞ்சா நீரு பங்கக் குறைப்பீரு. பொறவு கூட்டே இருக்காது."

"ஒன் மச்சினன் ஓட்டுதான்னு நான் நெனச்சேன். நான் பங்கக் குறைப்பேன்னு நீ நெனச்சிருக்க. ரொம்ப நல்லாருக்குலே நம்ம கூட்டு! இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அப்ப பங்கு?"

"பாதிப் பாதிதான். இனிமே நான் ஓட்டுதேன். நீ தோப்புல நின்னு வெட்டப் பாத்துக்கோ."

"கடைக்காரன்கிட்ட நீரு என்ன வெலை பேசுதீருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சந்தேகமா இருந்தா பின்னால ஏறி உக்காரு."

நைனா ஸ்பானரை வலது கையில் எடுத்து, கிளாம்பைத் தளர்த்தி, லீவரை வீரணன் கைக்கு ஏற்றபடி வெளியே தள்ளினார். இறுக்கும்போது ஹேண்டில்பார் திரும்பிக்கொண்டு போனது. நான் பிடிக்கப் போனேன்.

"நீ தள்ளி நில்லுலே" என்றார்கள் இரண்டு பேரும்.

வீரணன் பிடித்துக்கொள்ள, நைனா ஒற்றைக் கையால் முறுக்கினார்.