மதலேனாள் நெஞ்சில் வைத்த சோறு

புனிதராக வேண்டுமென்றால் ஒரு பிள்ளை செத்துத்தான் ஆகவேண்டுமா? கோயிலில் கைகட்டி உட்கார்ந்து கதை கேட்ட நீங்கள், ஒருநாளாவது இதைக் கேட்டிருக்கிறீர்களா?

மலாய் நாட்டில் கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரர் போட்ட அவசரகாலச் சட்டம் அமலில் இருந்தபோது மதலேனாளுக்குப் பன்னிரண்டு வயது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடுமாம். அதனால் பட்டையைக் கீறிப் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பருக்கையைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. பிடிபட்டால் சிறை. சட்டம் போட்ட துரைமார் மூன்று வேளையும் தின்றார்கள். காய்ந்தது தொழிலாளி வயிறு.

மதலேனாளின் அம்மா அருளாயி நிறைமாதக்காரி. விடியுமுன் எதைத் தின்றாலும் குமட்டும். வெயில் ஏறியபின் பசிக்கும். அப்போது தின்ன ஒன்றும் இருக்காது. போன வாரம் மரத்தடியில் மயங்கி விழுந்தாள். கூடப் போய்ப் பால் எடுக்கும் மதலேனாள்தான் முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினாள். அடுத்த தடவை எழாவிட்டால்? அந்த நினைப்பு அவளைத் தூங்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் உபதேசியார் ஒரு கதை சொன்னார். ரோமாபுரியில் ஒரு சிறுவன் நற்கருணை அப்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனானாம். பிடுங்க வந்தவர்கள் அடித்தே கொன்றார்களாம். அப்போதும் கையைத் திறக்கவில்லையாம்.

"நீங்களும் அப்படி இருக்கணும், பிள்ளைங்களா."

அவர் அப்பத்தைச் சொன்னார். அவள் அம்மாவின் சோற்றை நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒரு சோற்று உருண்டையை வாழையிலையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்தாள். கதைப் பையனைப் போலவே இரு கைகளையும் நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு வாசல் வரிசையில் நின்றாள். பால் வாளி காலடியில் கிடந்தது. எந்தத் தோட்டத்துப் பிள்ளை அப்படி நிற்கும்?

பெண்களைத் தடவிப் பார்க்க நிறுத்தியிருந்தவள் அடுத்த லயத்து ராக்கம்மா.

"என்னாடி, குளிரா? கையை எடு."

மதலேனாள் அசையவில்லை.

"எடுத்துருலா. அந்த ஆளு பாக்குறான்," என்று ராக்கம்மா கிசுகிசுத்தாள்.

துப்பாக்கியோடு நின்ற காவலன் அதற்குள் வந்துவிட்டான். "புக்கா!" என்று மலாயில் திறக்கச் சொல்லி அதட்டினான். மதலேனாள் கண்ணை மூடினாள். கை இறுகியது. இனி அடி விழும். நான் செத்தால் அம்மாவை யார் எழுப்புவார்கள்? கதையில் அது வரவே இல்லையே!

அருளாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து வந்தாள்.

"தொறடி சனியனே! சாகறதுக்கா ஒன்னைப் பெத்தேன்?"

கை திறந்தது. பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்து, காவலன் முகத்துக்கு நேரே ஒரு கவளத்தை வாயில் போட்டாள் அருளாயி.

"வேலிக்கு உள்ளாறதானே நிக்கிறேன்? இங்க திங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா? ராக்கம்மாக்கா, அவன்கிட்ட கேளு!"

ராக்கம்மா மலாயில் கேட்டாள். வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். காவலன் வாசலைப் பார்த்தான், சோற்றைப் பார்த்தான். குமட்டக் குமட்ட, கண்ணில் நீர் வழிய, அருளாயி கடைசிப் பருக்கைவரை விழுங்கினாள். வாந்தி வந்துவிடக் கூடாதே என்று மதலேனாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக அவன் போகச் சொல்லிக் கையை ஆட்டினான்.

அன்று அம்மா விழவில்லை. மறுநாள்? அதற்கும் மறுநாள்? தம்பி பிறக்கும்வரை ஒவ்வொரு மரத்தடியிலிருந்தும் மதலேனாள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

வேலி ஒருநாள் போயிற்று. அவளும் பால்மரம் வெட்டினாள், பிள்ளை பெற்றாள், தொழிற்சங்கக் கூட்டத்தில் சாப்பாட்டு நேரம் கேட்டு முதல் ஆளாய் எழுந்தாள். கிழவியாகி, லோபாக்கில் மகன் வீட்டில் கண்ணை மூடினாள். அவளுக்கு யாரும் சுரூபம் செய்து கோயிலில் வைக்கவில்லை.

உங்கள் பிள்ளைக்குப் புனிதர் கதை சொல்லும்போது இவள் கதையையும் சொல்லுங்கள். சாகச் சொல்லித் தராதீர்கள். பெற்றவள் சோற்றைத் தடுக்கும் சட்டம் எதுவானாலும், "இதைப் போட்டது யார், எதற்கு?" என்று உரக்கக் கேட்கப் பழக்குங்கள்.