எங்க மலை சார்

நான் துணை விமானி. சென்னையிலிருந்து கோவை போகும் சின்ன விமானத்தில் அன்று மாலை என் அம்மாவும் இருந்தாள். அவளுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து தினமும் பார்க்கிற மலையை மேலேயிருந்து ஒருமுறை கும்பிட வேண்டுமென்று ஜன்னலோர சீட்டைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

மேகம் மூடிக்கொண்டது. அதற்குமேல் விமானத்தின் மூக்கிலிருக்கும் ரேடார்தான் எங்களுக்குக் கண். லேசான மழை திரையில் பச்சை, பலத்த மழை சிவப்பு. ஆனால் ரேடார் அனுப்பும் கதிரைத் தாழ்த்தி வைத்தால் மலையும் சிவப்பாகத்தான் தெரியும். மழை, பாறை என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. திருவண்ணாமலை இருக்கவேண்டிய திசையில் ஒரு சிவப்புத் திட்டு வந்தது.

"எங்க மலை சார்," என்றேன், பெருமை பொங்க.

கேப்டன் சிரித்தார். "உங்க ஊரு. நீ சொன்னா சரிதாம்மா."

கதிரைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்திருந்தால் போதும். மலை திரையிலிருந்து மறைந்துவிடும், மழை மறையாது. பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். எங்கள் மலை எனக்குத் தெரியாதா என்கிற திமிரில் நான் செய்யவில்லை. மலைக்கு வெகு உயரத்தில்தானே பறக்கிறோம் என்று நேராகவே போனோம்.

முதல் குலுக்கலில் பெல்ட் தோளை அறுத்தது. கதிரைத் தூக்கினேன். சிவப்பு அப்படியே நின்றது.

"மலையில்ல சார், மழை!"

ஆலங்கட்டி கண்ணாடியில் படபடவென்று அடித்தது. எட்டாவது வரிசையில் அம்மா. திட்டுக்குப் பின்னால் திரை கறுப்பாக, காலியாக இருந்தது.

"நேரா தாண்டிடலாம் சார், அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல."

"கறுப்ப நம்பாத. முன்னாடி இருக்கற மழையே கதிர முழுங்கியிருக்கும். பின்னாடி இன்னும் ஜாஸ்தியாகூட இருக்கலாம்."

இடதுபக்கம் வெறும் பச்சையாக இருந்த வழியில் திருப்பினார். தரைக் கட்டுப்பாட்டு அறையிடம் அனுமதி கேட்கும்போது என் குரல் இரண்டுமுறை உடைந்தது. சில நிமிடங்களில் வெளியே வந்துவிட்டோம். எனக்கு அது ஒரு யுகம்.

கோவையில் இறங்கியதும் கேப்டன் திட்டவில்லை. "நானும் தூக்கிப் பாத்திருக்கணும்," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அம்மா படியிறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் கத்தனாங்கடி. நான் கம்முனு இருந்தேன். என் பொண்ணு முன்னாடி இருக்கச்சொல்ல எனக்கு இன்னா பயம்னு பக்கத்து சீட்டம்மாகிட்டகூட சொன்னேன்."

நான்தாம்மா தப்பாகச் சொன்னேன் என்று வாய்வரை வந்தது. அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். மேகத்துக்குள் இருந்ததைவிட அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.