வவ்வால் அணைத்த விளக்கு

சென்ற சனிக்கிழமை முற்பகல், 'கடல்வழி' ஆட்டக்காரர்களின் குழுவில் ஒரு செய்தி வந்தது. "கஸ்தூரி அக்கா காலைல தவறிட்டாங்க. நான் அவங்க தங்கச்சி." பிறகு ஒருவர், யார் இந்தக் கஸ்தூரி என்று கேட்டார். செய்தி எந்த எண்ணிலிருந்து வந்திருக்கிறது என்று கவனித்த இன்னொருவர்தான் சொன்னார், "நம்ம வவ்வால்."

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரோடு ஆண்டுக்கணக்கில் ஒரே அணியில் ஆடியவர்கள். அவர் பெயர் உங்களுக்குத் தெரியாமல் போனதில் தவறில்லை. நம் ஆட்டத்தில் யாரும் யாருடைய பெயரையும் கேட்பதில்லை. வவ்வால் என்பதைக்கூடப் பலர் பறக்கும் வவ்வால் என்றுதான் எண்ணியிருந்தீர்கள். ஆட்டத்துக்காக அவர் வைத்துக்கொண்டது மீனின் பெயர். காத்திவாக்கத்தில் கடலுக்குப் போகும் குடும்பம் அவருடையது.

அவரை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். 'கடல்வழி' ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில், ஒரே கடலில் படகு செலுத்தும் இணைய ஆட்டம். ராயபுரத்தில் ஐஸ் கம்பெனி ஒன்றின் மாடியில் இருக்கும் சிறிய நிறுவனம் அதைச் செய்கிறது. அதன் விதிகளை வகுப்பது என் வேலை. கஸ்தூரி முதலில் எங்களிடம் புகார் சொன்னவர். பிறகு எங்கள் சோதனையாளர். பிறகு வேலையிலிருந்து அனுப்பப்பட்டவர். பிறகு மறுபடியும் புகார் சொன்னவர். அவரைப் பற்றி எழுதுவதென்றால் நான் செய்த பிழைகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. வேறு வழி தெரியவில்லை.

முதல் புகாரை எழுதியபோது அவர் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில், லாரிகளில் வரும் பெட்டிகளின் எண்களைச் சரிபார்த்துப் பதிவுசெய்யும் வேலையில் இருந்தார். ஆட்டத்தையும் அதே கண்ணால்தான் பார்த்தார். மற்றவர்களின் புகார்கள் பெரும்பாலும் தோற்ற கோபத்தில் எழுதியவை. இவர் தன் படகை முதல் துறைமுகத்தில் மூன்று நாள் சும்மா நிறுத்திவைத்து, நடப்பதைக் கவனித்து எழுதியிருந்தார். புதிதாக வருபவருக்குப் படகைத் திருப்பக்கூடத் தெரியாது. பாறைக்குப் பின்னால் காத்திருக்கும் பழைய ஆட்டக்காரர்கள் அவரை மூழ்கடிப்பார்கள். மீண்டும் வருவார், மீண்டும் மூழ்கடிப்பார்கள். மறுநாள் திரும்பி வருபவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். நாங்கள் அதைக் கடலின் ஆபத்து என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். உங்கள் கருத்துக்கு நன்றி என்று வழக்கமான பதிலை அனுப்பினோம்.

அடுத்த வாரம் அவரே அந்தப் புகாரைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். புதியவர்கள் ஏன் நிலைப்பதில்லை என்று நாங்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த நேரம்.

"புதுசா வர்றவன நீங்களே இட்டுனு வந்து பழைய ஆளுங்க கைல குடுத்துட்டுப் பூட்றீங்க," என்றார். "அப்பால அவன் ஏன் வர்லன்னு மீட்டிங் போட்றீங்க."

எங்கள் முதலாளி சிரித்துவிட்டார். அங்கேயே வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டார். கஸ்தூரி சிரிக்கவில்லை. யார்டில் சொல்லிவிட்டு வர ஒரு மாதம் வேண்டும் என்றார். சரியாக ஒரு மாதம் கழித்து வந்தார். அவர் சேர்ந்த பிறகு முதல் துறைமுகத்தின் எல்லைக்குள் யாரும் யாரையும் தாக்க முடியாது என்று விதியை மாற்றினோம். பழையவர்கள் கூச்சலிட்டார்கள். சில மாதங்களில் தங்களோடு படகு செலுத்த ஆள் கூடியிருப்பதைக் கண்டு கூச்சலை மறந்தார்கள்.

எனக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. இரண்டாவது வாரத்திலிருந்தே என்னை ஜோசப்பு என்றுதான் அழைத்தார். எங்களுக்குள் பெரிய நட்பு இருந்தது என்று சொல்ல மாட்டேன். வாதம்தான் அதிகம். மருத்துவர் விஷயத்தில் அந்த வாதம் பல வாரம் நீடித்தது. பெரிய சண்டை எதற்குப் போனாலும் அணியில் ஒரு மருத்துவர் இருந்தே ஆக வேண்டும் என்பது என் விதி. அந்தப் பாத்திரத்தை ஏற்க விரும்பியவர்கள் மிகக் குறைவு. ஒருவர் வரும்வரை ஐந்து பேர் காத்திருந்தார்கள். வந்தவரை விடாமல் தொல்லைப்படுத்தினார்கள். கஸ்தூரி தன் அணிக்கு மருத்துவராக இருந்ததால் அவருக்கு இது நன்றாகத் தெரியும். ஒருவரையொருவர் சார்ந்திருந்தால்தான் நட்பு வளரும் என்று நான் சொன்னேன். அவர் ஒரு வாரம் என்னை மருத்துவராக ஆடச் சொன்னார். ஆடினேன். மற்றவர்கள் திமிங்கிலத்தோடும் புயலோடும் போராடிக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய உயிரின் அளவைக் காட்டும் ஐந்து பச்சைக் கோடுகளை மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் முழுக்க, நானே விதி வகுத்த கடலை நான் பார்க்கவில்லை. மருத்துவர் இல்லாமலும் சண்டைக்குப் போகலாம் என்று விதியை மாற்றினேன்.

அவர் பிழையே செய்யாதவர் அல்ல. அணித் தலைவராகக் கண்டிப்பு மிகுந்தவர். தாமதமாக வருபவரை எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவார். நான் 'தொடர் விளக்கு' என்ற ஒன்றைக் கொண்டுவந்தபோது அதை முதலில் பாராட்டியவரும் அவர்தான். ஒவ்வோர் அணிக்கும் ஒரு கலங்கரை விளக்கு. அணியில் உள்ள அனைவரும் தினமும் மாலை ஆறு மணிக்குள் ஒருமுறையாவது ஆட்டத்துக்குள் வந்தால் அது எரியும். ஒருவர் தவறினாலும் அணைந்து, கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நாள் கூடக் கூட விளக்கு உயரும். கஸ்தூரியின் அணி விளக்குதான் எல்லாவற்றிலும் உயரமாக நின்றது. "நல்லாகீது ஜோசப்பு," என்றார். அவர் வாயால் அப்படிக் கேட்டது எனக்கு அதுவே முதல்முறை.

அந்த அணியில் இருந்த தாஸை உங்களுக்குத் தெரியும். மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறார். ஒரு வியாழக்கிழமை, ஆறு மணி நெருங்கியும் அவர் ஆட்டத்துக்குள் வரவில்லை. கஸ்தூரி மூன்று முறை அழைத்தார். மூன்றாவது அழைப்புக்கு, ஓட்டிக்கொண்டே தாஸ் கைப்பேசியை எடுத்தார். எடுத்தவர், பேசுவதைவிட உள்ளே நுழைந்துவிடுவது சுலபம் என்று நினைத்து ஆட்டத்தைத் திறந்தார். சாலையோரம் நின்றிருந்த ட்ரெய்லரின் பின்புறத்தில் லாரி மோதியது. டேங்கர் காலியாக இருந்தது. வலது கால் இரண்டு இடங்களில் முறிந்ததோடு போயிற்று. இது தெரியாத அணியினர், விளக்கை அணைத்துவிட்டார் என்று அன்று மாலை முழுக்க அவரைத் திட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள். முதல் வசவு கஸ்தூரியுடையது.

மறுநாள் அவர் மருத்துவமனைக்குப் போனார். நடந்ததைத் தாஸ் அவரிடம் மட்டும் சொன்னார். வெளியே வந்தபோது தாஸின் மனைவி வராந்தாவில் நிறுத்திக் கேட்டாராம்: "அது இன்னா வெளக்குக்கா? யார் வூட்ல எரியுது?" இதைக் கஸ்தூரியே என்னிடம் சொன்னார். அங்கிருந்து நேராக அலுவலகத்துக்குத்தான் வந்திருந்தார்.

விளக்கை எடுத்துவிட வேண்டும் என்றார். நான் மறுத்தேன். வண்டி ஓட்டும்போது ஆடச் சொல்லி யாரும் தாஸைக் கட்டாயப்படுத்தவில்லை என்றேன். இன்று யோசித்தாலும் அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. கஸ்தூரி குரலை உயர்த்தவில்லை.

"அவரு மேல தப்பு கீது. எம்மேலயும் கீது. உம்மேல கீதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

விளக்கு வந்த பிறகு தினசரி வருகை கூடியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு விவரம் தெரிந்திருக்காது. அவர் ஒளித்து எதையும் செய்யவில்லை. வரும் வெள்ளிக்கிழமை என் அணியை வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப் போகிறேன் என்று முதலாளிக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்தார். முதலாளி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாழன் மாலை அணிக்கு அவர் அனுப்பிய குரல்பதிவு சிலரிடம் இன்னும் இருக்கலாம்: "நாளைக்கு யாரும் வராதீங்க. வெளக்கு அணையட்டும். அணைஞ்சப்புறமும் வரணும்னு தோணுச்சின்னா வாங்க."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நாங்கள் நாலைந்து பேர் திரையின் முன் நின்றிருந்தோம். தாஸின் விபத்தன்று அணைந்து, மறுபடி முதல் நாளிலிருந்து ஏறிக்கொண்டிருந்த அவர் அணியின் விளக்கு அணைந்தது. அடுத்த சில நாட்களில் வேறு பல அணிகளும் அப்படியே செய்தன.

திங்கட்கிழமை முதலாளி அவரைக் கூப்பிட்டார். சம்பளம் வாங்கும் இடத்துக்கு எதிராக வாடிக்கையாளர்களைத் திருப்பிவிட்டீர்கள் என்றார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் நியாயமே. நானும் அறையில் இருந்தேன். கஸ்தூரி ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் மடிக்கணினியைப் பார்த்தேன். அவர் சாப்பாட்டு டப்பாவையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

விளக்கு அணைந்த அணிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் திரும்பி வரவில்லை. மற்ற அணிகளிலும் கவனித்தேன். நாள்கணக்கு நீண்டிருந்தவர்கள், அது ஒருமுறை அறுந்ததும் ஒரேயடியாகப் போய்விட்டார்கள். ஆட்டத்தில் அவர்களுக்கு எஞ்சியிருந்தது அந்தக் கணக்கு மட்டும்தான். நான்கு மாதங்களுக்குப் பிறகு, ஆட்களைப் பிடித்துவைக்கும் ஏற்பாடே அவர்களை வெளியேற்றுகிறது என்று ஓர் அறிக்கை எழுதி, விளக்கை நீக்கச் சொன்னேன். நீக்கினார்கள். அறிக்கையில் கஸ்தூரியின் பெயரையோ தாஸின் பெயரையோ நான் குறிப்பிடவில்லை. அது என் கண்டுபிடிப்பாகவே கோப்பில் இருக்கிறது. அதை இங்கே திருத்திக்கொள்கிறேன்.

அவரை மீண்டும் அழைத்துவர முதலாளி என்னை அனுப்பினார். காத்திவாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் தங்கையோடு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். எழுந்து கை கழுவிவிட்டு வந்து எனக்கு நாற்காலி போட்டார். யார்டில் பழைய வேலை திரும்பக் கிடைத்துவிட்டதென்றும் இனி வருவதாக இல்லையென்றும் சொன்னார். கோபம் தெரியவில்லை. வேறொன்று அவரை வருத்தியிருந்தது. "பாதிப் பேரு வெளக்குக்கு வந்தவங்க, ஜோசப்பு. எனுக்காக வந்தாங்கன்னு நெனச்சுகினு இருந்தேன்," என்றார். திரும்பி வந்த மீதிப் பாதி நீங்கள். அதை அன்றே சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை.

கிளம்பும்போது நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை. "புகார் அனுப்பிகினே இருப்பேன். அத்த வேணாம்னு மட்டும் சொல்லாத," என்றார். அனுப்பினார், சம்பளம் இல்லாமல்.

ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன் வந்த புகார் ஒன்று, ஆட்டத்தை ஒரு கையால் ஆட முடியவில்லை என்பது. எங்கள் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இரண்டு கைகளையும் பயன்படுத்துகிறார்கள், பிறகு பார்க்கிறோம் என்று பதில் போட்டேன். இறுதிச் சடங்கன்று அவர் தங்கை சொல்லித்தான் தெரிந்தது. பதினான்கு மாதங்களாகச் செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு டயாலிசிஸ். ஊசி குத்திய இடது கையை நான்கு மணி நேரம் அசைக்கக்கூடாது. வலது கையில் கைப்பேசி. அந்தப் பிற்பகல்களில் அவர் உங்களோடு ஆடிக்கொண்டிருந்தார். அணியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் அலுவலகத்தில் ஒரு சகா, என்னிடம் கேட்காமலே ஒரு கைக்கான அமைப்பைச் செய்து முடித்திருக்கிறார். அதற்காகக் கஸ்தூரி அவருக்கு நன்றி எழுதியிருக்கிறார். இரண்டையும் அன்றுதான் அறிந்தேன்.

கடைசிப் புகார் இரண்டு மாதத்துக்கு முந்தையது. அணித் தலைவர் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்க ஆட்டத்தில் வழி இல்லை. தலைவரால் அணியைக் கலைக்க முடியும், கைமாற்ற முடியாது. அவர் வராமல் போனால் அணியின் பொதுக் கிடங்கு திறக்காது, புதியவர் சேர முடியாது. இது அரிதாகவே நேரும் என்று அதை என் வேலை வரிசையின் அடியில் தள்ளினேன். சனிக்கிழமைக்குப் பிறகு உங்கள் கிடங்கு பூட்டிக் கிடந்ததற்கு அதுவே காரணம். அணியைக் கலைக்கும் பொத்தான் கடைசிவரை அவரிடம் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

இந்த வாரம் அந்த வழியைச் செய்து முடித்தோம். அணி இப்போது தாஸிடம் இருக்கிறது. காலைச் சற்று இழுத்தபடி அவரும் இறுதிச் சடங்குக்குக் காத்திவாக்கத்துக்கு வந்திருந்தார். பொறுப்பை ஏற்கிறீர்களா என்று அங்கேயே கேட்டேன். சரி என்று தலையசைத்தார்.

எங்கள் அலுவலகத்தில், புகார் சொன்னவரே சரிபார்த்து ஒப்புக்கொண்டால்தான் அதை முடிந்ததாகக் குறிக்கலாம். அப்படிச் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் கஸ்தூரி. கடைசிப் புகாரை இனி யாரும் சரிபார்க்க முடியாது என்பதால் முடித்துவிடலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். கஸ்தூரியிடமிருந்து எனக்கு மிஞ்சுவது அது ஒன்றுதான். அவர் பெயரில், முடியாமல், என் வரிசையில் அது இருக்கட்டும்.